எண்ணம் திருந்தின் இன்னல் குறையும்

செஞ்சிக் கோட்டையின் இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து நோக்கும் ஒருவர், 'என்னால் இயலாது' என எண்ணுகிறார். எண்ணிய அளவில் அச்சம் எழுகிறது, நெஞ்சு படபடக்கிறது, திரும்பிவிடுகிறார். திரும்பியதனாலேயே அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகிறது. எண்ணம், உணர்வு, உடல்நிலை, செயல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தூண்டும் இச்சுழலை அறுக்கும் முறையே அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை எனப்படும்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) 1960களில் இதனை வகுத்தார். எனினும் இதன் வித்து பழமையானது. கி.பி. 934இல் மறைந்த பேரறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலமும் உள்ளநலமும் பற்றி அரபியில் ஒரு நூல் யாத்தார். உடற்பிணிக்கென மருந்தை முன்னரே சேமித்து வைப்பதுபோல், மனம் அமைதியுற்ற வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்துத் துயர்க்காலத்தில் பயன்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. நோயையும் அதன் முதலையும் ஆராயப் பணித்த வள்ளுவர் நெறியும் இதற்கு அயலன்று.

சிகிச்சை நடைபெறும் முறையை நோக்குவோம். ஒரு தாளில் தவறிய மாணவி, 'நான் எதற்கும் பயனற்றவள்' எனக் கருதி அறைக்குள் முடங்குகிறாள் எனக் கொள்க. உளவியலாளர் அறிவுரையைப் பொழிவதில்லை, வினவுகிறார். அவ்வெண்ணத்திற்குச் சான்று யாது? எதிர்ச்சான்று யாது? தோழிக்கு இந்நிலை வரின் என்ன கூறுவாய்? விடைகளை அவளே குறிப்பேட்டில் எழுதுகிறாள். 'ஒரு தாளில் தவறினேன், மற்றவற்றில் தேறினேன், மீண்டும் எழுதலாம்' என்னும் நடுநிலை எண்ணம் பிறக்கிறது. பின்னர் முதல்நாள் அரைமணி நேரப் படிப்பு, மறுநாள் ஆசிரியரைச் சந்தித்தல் எனச் செயல் படிப்படியாக விரிகிறது. பெரும்பாலும் வாரம் ஒருமுறையாக 6 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும்.

மனச்சோர்வு, மிகைப்பதற்றம், காரணமற்ற அச்சம், திரும்பத் திரும்பக் கைகழுவுதல் போன்ற எண்ணச் சுழற்சி நோய், உறக்கமின்மை ஆகியவற்றால் வாடுவோர் இதனால் பயன்பெறுவர். கடும் மனச்சிதைவுக்கு மருந்தே முதன்மை, இது துணைமையே. வறுமையும் வீட்டு வன்முறையும் தரும் துயரை எண்ணமாற்றம் மட்டும் தீர்த்துவிடாது. அவற்றிற்குப் புறத்தேயும் தீர்வு காணல் வேண்டும்.

சமுதாயப் பெரியோர் ஒன்றை நினைவுகூர வேண்டுகிறேன். 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். மனநோயை மானக்கேடாகக் கருதி மறைத்ததன் விலை அது. துஆவும் மருந்தும் பகையல்ல. நோய்க்கு மருந்து நாடுதல் நபிவழியே.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 2022இல் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். மாணவச் செல்வங்களே, இராசகிரியின் உச்சிக்கருகே மலைப்பிளவைக் கடக்க ஒரு பாலம் உண்டு. முன்னோர் அப்பிளவைத் தாவிக் கடக்க முயலவில்லை, பாலம் அமைத்தனர். உதவி கேட்பதும் அத்தகைய பாலமே.