ஒன்றும் கட்டாத சானலில் 1.4 வோல்ட்

நம்பிக்கை: "ஒயரே கட்டல சார், 1.4 வோல்ட் காட்டுது. கார்டு போயிருச்சு."

ப்ராஜெக்ட் சமயம் வந்துவிட்டால் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. மாணவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். லேப் பொறுப்பாளர்களும் சொல்கிறார்கள், புது டேட்டா அக்விசிஷன் கார்டுக்குக் கொட்டேஷன் வாங்குகிறார்கள், பழையதை 'ஃபால்ட்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில் பூட்டுகிறார்கள். அந்த அலமாரிகளைத் திறந்து சோதித்தால் பாதிக்கு மேல் நல்ல கார்டுகளாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டவே தயார்.

உண்மை: திறந்து கிடக்கும் சானல் பூஜ்யம் காட்ட வேண்டும் என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை. பூஜ்யமும் ஓர் அளவுதான். அது வேண்டுமென்றால் அந்த முனையைக் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். சும்மா விட்ட முனையில் என்ன தெரியும் என்பதை உள்ளே இருக்கும் சர்க்யூட்தான் முடிவு செய்யும்.

கல்லூரிகளில் அதிகம் புழங்கும் என்ஐ யுஎஸ்பி-6009-ஐயே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் −10 முதல் +10 வோல்ட் வரையிலான சிக்னலை உள்ளே இருக்கும் சிப் நேராகத் தாங்காது. அதனால் ஒவ்வொரு சானலின் வாசலிலும் மூன்று ரெசிஸ்டர்கள். சிக்னல் வரும் வழியில் 127 கிலோ ஓம். அதைத் தாண்டியதும் கிரவுண்டுக்கு ஒரு 39.2 கிலோ ஓம், 2.5 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு ஒரு 30.9 கிலோ ஓம். வெளியே ஒன்றும் கட்டாவிட்டால் அந்த 2.5 வோல்ட் பிரிந்து நிற்கும்: 2.5 × 39.2 ÷ 70.1. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 1.398 வரும். நீங்கள் பழுது என்று சொன்ன 1.4 இதுதான். ரெஃபரன்ஸ், ரெசிஸ்டர், சிப் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால்தான் இந்த எண்ணே வரும். கார்டின் ஆரோக்கியச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு மரணச் சான்றிதழ் எழுதுகிறார்கள். சர்க்யூட் படம் பயனர் கையேட்டிலேயே இருக்கிறது. யார் புரட்டுகிறார்கள்?

இதே கதையின் இன்னொரு வடிவம்: "5 வோல்ட் கொடுத்தால் 3.6 காட்டுது." கழித்துப் பாருங்கள், அதே 1.4. சாஃப்ட்வேரில் 'டிஃபரன்ஷியல்' என்று இருக்கிறது. ஒயர் கட்டியவரோ சிக்னலை 2-ஆம் முனையிலும் மைனஸை 1-ஆம் முனையான கிரவுண்டிலும் கட்டியிருக்கிறார். டிஃபரன்ஷியலில் அந்தச் சானலின் மைனஸ் 3-ஆம் முனை. அது அநாதையாகத் தொங்கிக்கொண்டு 1.4 வோல்ட்டில் நிற்கிறது. கார்டு ஐந்திலிருந்து அதைக் கழித்து 3.6 என்று நேர்மையாகச் சொல்கிறது. மைனஸை 3-க்கு மாற்றுங்கள், அல்லது சாஃப்ட்வேரில் கிரவுண்டை வைத்து அளக்கும் 'ஆர்எஸ்ஈ' முறையைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்தது. கொட்டேஷன் தேவையில்லை.

"மல்டிமீட்டர் சரியாகக் காட்டுதே?" என்பது அடுத்த வாதம். காட்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம். 6009-க்கு 144 கிலோ ஓம்தான். 5 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்து நடுப்புள்ளியை அளந்து பாருங்கள். மீட்டர் 2.49 சொல்லும். அதே இடத்தில் மீட்டரை எடுத்துவிட்டுக் கார்டைக் கட்டினால் சுமார் 2.2 வரும். இரண்டுமே பொய் சொல்லவில்லை. கார்டு கட்டியதும் நடுப்புள்ளியே இறங்கிவிட்டது. நம்பிக்கை இல்லையென்றால் கார்டைக் கழற்றாமல் மீட்டரை மறுபடி வையுங்கள், மீட்டரும் இறங்கியிருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. இடையில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் போட்டால் பிரச்சினை தீரும்.

மற்ற கார்டுகளில் 1.4 வராது, வேறு பேய் வரும். பல சானலுக்கு ஒரே ஏடிசி. மல்டிப்ளெக்சர் ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுக்கும். ஆர்டுயினோ ஊனோவிலும் அப்படித்தான். ஏ0-வில் பொட்டென்ஷியோமீட்டரைக் கட்டி ஏ1-ஐச் சும்மா விட்டால், ஏ0-வைத் திருப்பத் திருப்ப ஏ1-ம் கூடவே ஆடும். சாம்பாரில் விட்ட கரண்டியை அலம்பாமல் ரசத்தில் விட்ட கதை: உள்ளே இருக்கும் 14 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரில் முந்தைய சானலின் மிச்சம் ஒட்டியிருக்கிறது. அதை மாற்ற வலுவுள்ள சிக்னல் வேண்டும். அதனால்தான் ஏடிமெகா328பி டேட்டாஷீட் சிக்னல் மூலத்தின் இம்பிடன்ஸ் 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும் என்கிறது. பயன்படுத்தாத சானலைக் கிரவுண்ட் செய்யுங்கள், அல்லது ஸ்கேன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கார்டு உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு பென்டார்ச் செல் போதும். மைனஸ் கிரவுண்டில், பிளஸ் சானலில், சாஃப்ட்வேரில் ஆர்எஸ்ஈ. மீட்டர் சொல்வதும் கார்டு சொல்வதும் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போனால் கார்டைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஒயரைப் பாருங்கள். எல்லாச் சானலும் எதைக் கொடுத்தாலும் ஒரே எண்ணில் உறைந்து நின்றால், அப்போது சொல்லுங்கள் போயிருச்சு என்று.

நம்பிக்கை: "எர்த் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது."

கேபிள் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்துவிட்டுப் பெருமையாக வந்து சொல்கிறார்கள். ஒரே கட்டடத்தில் ஒழுங்காக எர்த் செய்த இரண்டு கருவிகளுக்கு இடையிலேயே 10 முதல் 200 மில்லிவோல்ட் வித்தியாசம் சகஜம். கே-டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். உலையின் உடம்பைத் தொடும் தெர்மோகப்பிளை ஆர்எஸ்ஈ-யில் கட்டினால், வெறும் 10 மில்லிவோல்ட் எர்த் வித்தியாசமே இருநூற்று நாற்பது டிகிரிக்கு மேல் பிழையாக ஏறும். அதை டிஃபரன்ஷியலில்தான் கட்ட வேண்டும். அதே காரணத்தால் ஷீல்டுக்கும் ஒரு முனை எர்த் போதும்.

நம்பிக்கை: "24 பிட் கார்டு வாங்கினால் சரியாகிவிடும்."

ஆகாது. தப்பான வோல்டேஜைக் கூடுதல் தசம இடங்களோடு காட்டும், அவ்வளவுதான். 16 பிட் கார்டை ±10 வோல்ட் ரேஞ்சில் வைத்துத் தெர்மோகப்பிள் அளப்பவர் ஒவ்வொரு படிக்கும் 305 மைக்ரோவோல்ட், அதாவது ஏழு டிகிரி தாண்டிக் குதிக்கிறார். முதலில் ரேஞ்சைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "ஆவரேஜ் போட்டால் நாய்ஸ் போய்விடும்."

எப்படிச் சாம்பிள் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. விநாடிக்கு 50 சாம்பிள் எடுத்தால் கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஊடுருவல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். நம் கிரிட் 49.9-க்கும் 50-க்கும் நடுவே நகரும்போது அது பத்து, இருபது விநாடி எடுத்து ஏறி இறங்கும் அலையாகும். சென்சார் டிரிஃப்ட் ஆகிறது என்று அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். விநாடிக்கு 1000 எடுத்து, இருபது இருபதாக ஆவரேஜ் போடுங்கள். 20 மில்லிவிநாடி என்பது சரியாக ஒரு சுற்று.

கடைசியாக, நான் எங்கே போனாலும் நச்சரிக்கும் விஷயம்: சீட்டு. 4–20 மில்லிஆம்ப் டிரான்ஸ்மிட்டரைக் கார்டில் படிக்க 250 ஓம் ரெசிஸ்டர் போடுவோம், 1 முதல் 5 வோல்ட் வரும். ஸ்டாண்டர்ட் வரிசையில் கிடைப்பது 249. போட்டவர் 249 போடுவார், புரோகிராம் எழுதுபவர் 250 என்று எழுதுவார், 0.4 சதவீதப் பிழை ஆண்டுக்கணக்கில் ஓடும். இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை, ஒரு துண்டு டேப்தான் சீட்டு. டெர்மினல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி, சானல் எண், டிஃபரன்ஷியலா ஆர்எஸ்ஈ-யா, ரேஞ்ச், மீட்டரில் அளந்த ரெசிஸ்டர் மதிப்பு, தேதி, இந்த ஐந்தையும் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், ஒரு கோடைக்குத் தாங்காது.