மின்சாரம் நின்றபோது மீன்களைக் காப்பது எப்படி?



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது கண்ணுக்கும் மனத்துக்கும் இன்பம் தரும் பொழுதுபோக்காகும். ஆனால், தொட்டியில் வாழும் மீனின் உயிர் ஒரு மெல்லிய மின்கம்பியை நம்பியிருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் விளைவை நம் பள்ளியே ஒருமுறை கண்டது.

அறிவியல் அறையில் இருந்த தொட்டியில் பதினான்கு தங்கமீன்கள் வளர்ந்து வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை இடியும் மழையுமாக இருந்தது. அப்போது பள்ளியின் மின்பெட்டியில் இருந்த காப்பு விசை தானாகவே விழுந்துவிட்டது. தோட்டத்து வீடுகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தமையால், பூட்டிய பள்ளிக்குள் மின்சாரம் இல்லை என்பதை எவரும் அறியவில்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது பதினொரு மீன்கள் இறந்து மிதந்தன. சிறிய மீன்கள் மூன்று மட்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

தொட்டியைக் கவனித்து வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் தேம்பி அழுதான். இரண்டு நாள் விடுமுறையில் மீன்கள் பசித்திருக்குமே என்று வெள்ளிக்கிழமை ஒரு கைப்பிடி உணவைக் கூடுதலாகப் போட்டதாகவும், தானே அவற்றைக் கொன்றுவிட்டதாகவும் கூறினான். மீன்களைச் செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்துக்கொண்டிருந்தபோது மற்றொரு மாணவி கேட்டாள்: “ஐயா, ஆற்றில் மின்சாரம் இல்லையே! அங்கே மீன்கள் எப்படி உயிர் வாழ்கின்றன?”

அந்தக் கேள்விக்குரிய விடையே இந்தக் கட்டுரை.

மீன் மூச்சுவிடும் முறை

நாம் காற்றில் உள்ள உயிர்வளியைச் சுவாசிக்கிறோம். மீனோ நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தன் செவுள்களால் பிரித்தெடுக்கிறது. அவ்வுயிர்வளி பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகவே காற்றிலிருந்து நீருக்குள் இறங்குகிறது. நீர் அசைந்தால் அது விரைவாக இறங்கும். அசையாமல் நின்றால் மெதுவாகவே இறங்கும். காற்றுக்குழாயிலிருந்து எழும் குமிழிகள் செய்யும் பெரும்பணி, அடிநீரை மேலே கொணர்ந்து மேற்பரப்பைக் கலக்கிவிடுவதே ஆகும்.

ஆற்றில் அப்பணியை ஓடும் நீரும் கற்களும் காற்றும் செய்கின்றன. மேலும், பரந்த ஆற்றில் மீன்கள் விலகி வாழ்கின்றன. நாமோ சிறிய தொட்டியில் பல மீன்களை நெருக்கி அடைத்துவிட்டு, ஆறு செய்யும் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தோம். இயந்திரம் நின்றது, மீன்களின் மூச்சும் நின்றது.

ஒரு கணக்கு

நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ. உள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்திற்கு நீர் இருப்பதாகக் கொள்வோம். அதன் கொள்ளளவு 54 லிட்டர். நீர் சூடாக ஆக, அதில் கரையும் உயிர்வளி குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். நம் நாட்டு வெப்பமாகிய 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே தாங்கும். எனவே தொட்டி முழுவதிலும் இருப்பது 54 × 7.5 = 405 மில்லிகிராம். இது நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒன்றரை லிட்டரில் அடங்கியுள்ள உயிர்வளிக்குச் சமம். ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டி கொள்ளும் காற்றின் அளவே பதினான்கு மீன்களுக்கும் இருப்பு என்றால், மேற்பரப்பின் வழியாக அது இடையறாது நிரம்பிக்கொண்டிருக்க வேண்டுவதன் அவசியம் புரியும்.

அதே நீரை 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள உயரமான தொட்டியில் ஊற்றினால், மேற்பரப்பு 1800 சதுர சென்டிமீட்டரிலிருந்து 900 ஆகக் குறைந்துவிடும். ஆகவே உயரமான தொட்டியைவிட அகன்ற தொட்டியே மீனுக்கு நல்லது.

எல்லா மீன்களும் ஒன்றல்ல. சண்டைமீன், கௌராமி போன்றவற்றின் தலைக்குள் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. அவை நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்குவது இயல்பே. தங்கமீனுக்கு அவ்வுறுப்பு இல்லை. அது மேலே வந்து வாயைத் திறந்தால் மூச்சுத் திணறுகிறது என்று அறிய வேண்டும்.

மின்சாரம் நின்றவுடன் செய்ய வேண்டியவை

முதலாவது, தொட்டியின் மூடியைத் திறந்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, உணவு போடக் கூடாது. உண்ட மீனுக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படும். உண்ணாமல் கிடக்கும் உணவோ அழுகி, இருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடும். நலமாக உள்ள வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் உணவின்றி இருக்கும்.

மூன்றாவது, ஒரு சுத்தமான குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்ற வேண்டும். சில நிமிடங்கள் செய்து, சற்று நேரம் விட்டு மீண்டும் செய்யலாம். கை ஓய்ந்தால், ஒரு நெகிழிப் புட்டியின் அடியில் சிறு துளையிட்டு, தொட்டி நீரை அதில் நிரப்பி மேலே தொங்கவிடலாம். சொட்டுச் சொட்டாக விழும் நீர் மேற்பரப்பை அசைத்துக்கொண்டிருக்கும்.

மின்கலத்தின் உதவி

தடை நீண்டுவிட்டால் கைமுறை போதாது. 1992 செப்டம்பர் 29ஆம் நாளிலும் 1996 ஆகஸ்டு 3ஆம் நாளிலும் தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதி பல மணி நேரம் இருளில் மூழ்கியதைப் பெற்றோர் நினைவுகூர்வர். இரவு முழுவதும் குவளையோடு நிற்க எவராலும் இயலாது. அங்கேதான் மின்கலம் உதவுகிறது.

பெரிய டார்ச்லைட் பேட்டரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டு மின்சாரம் நின்றவுடன் தாமாகவே இயங்கத் தொடங்கும் வகையும் உண்டு. ஆளில்லா வீட்டிற்கும் பூட்டிய பள்ளிக்கும் இவ்வகையே ஏற்றது.

கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கில் இயங்கும் பம்புகளும் உள்ளன. அதன் கணக்கைப் பார்ப்போம். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 10 ஆம்பியர்-மணி. அதன் உள்ளிருக்கும் மின்கலம் 3.7 வோல்ட். எனவே 10 × 3.7 = 37 வாட்-மணி. வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்து 24 என்று வைத்துக்கொள்வோம். பம்பு 1.5 வாட் எடுத்தால் 24 ÷ 1.5 = 16 மணி நேரம் ஓடும். ஆனால், சிறு பம்பு எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருப்பதால், சில பவர் பேங்குகள் வேலை முடிந்ததாகக் கருதித் தாமாகவே அணைந்துவிடும். எனவே முன்கூட்டியே ஓடவிட்டுச் சோதித்தறிய வேண்டும்.

கணினிக்குப் பயன்படும் யுபிஎஸ் கருவியையும் பயன்படுத்தலாம். அதிலுள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் 84 வாட்-மணி தரும். 4 வாட் பம்பு 21 மணி நேரம் ஓடும் என்று கணக்கு சொல்லும். ஆயினும் அக்கருவியே தனக்கென மின்சாரம் உண்பதால், பாதிக்கும் குறைவான நேரமே கிடைக்கும். அலங்கார விளக்கை அதனோடு இணைத்தல் கூடாது.

எச்சரிக்கைகள்

காற்றுப் பம்பு நீர்மட்டத்திற்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய் வழியே பின்னோக்கி வழிந்து பம்புக்குள் புகும். எனவே பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும்; அல்லது குழாயில் ஒருவழி அடைப்பானைப் பொருத்த வேண்டும். ஈரக் கையால் எந்தச் செருகியையும் தொடலாகாது.

பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டிற்குள்ளோ சன்னலருகிலோ இயக்கவே கூடாது. அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உறங்குவோரின் உயிரைக் குடிக்க வல்லது. மீனைக் காக்கப் போய் மனிதரை இழத்தல் தகாது.

மின்சாரம் திரும்பியதும் வடிகட்டியை உடனே முடுக்கிவிடக் கூடாது. மீன் கழிவில் உள்ள அம்மோனியா நஞ்சை மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் அதன் பஞ்சில் வாழ்கின்றன. அவற்றுக்கும் உயிர்வளி வேண்டும். பல மணி நேரம் நின்றுபோன வடிகட்டியில் நீர் கெட்டிருக்கும். அந்நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டியிலிருந்து மொண்ட நீரில் அலசிய பின்னரே இயக்க வேண்டும். குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

நாம் கற்ற பாடம்

அழுத மாணவனிடம் நாம் கூறியது இதுதான்: கூடுதல் உணவு தீங்கைச் சற்று வளர்த்தது உண்மையே, ஆனால் மூலக் காரணம் அதுவன்று. அத்தொட்டிக்குப் பதினான்கு மீன்கள் மிகுதி. விடுமுறையில் தொட்டியைப் பார்த்துவர ஆளை அமர்த்தவில்லை. இவ்விரண்டும் பெரியவர்களாகிய நம் பிழைகள்.

இப்போது தொட்டியில் தப்பிய மூன்று மீன்கள் மட்டுமே உள்ளன. தானே இயங்கும் மின்கலப் பம்பு ஒன்று பொருத்தியுள்ளோம். விடுமுறை நாள்களில் காலையும் மாலையும் காவலர் சன்னல் வழியே குமிழிகள் எழுகின்றனவா என்று பார்த்துச் செல்கிறார். மாதத்தின் முதல் திங்களன்று அதே மாணவன் செருகியைக் கழற்றி, பம்பு இயங்குகிறதா என்று சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுகிறான். அந்தப் பொறுப்பை அவனே கேட்டுப் பெற்றான்.

ஓர் உயிரை ஆற்றிலிருந்து பிரித்து நம் வீட்டிற்குக் கொண்டுவந்தால், ஆறு செய்த பணிகள் யாவும் நம் கடமையாகிவிடுகின்றன. இயந்திரம் நமக்கு உதவலாம், பொறுப்பு நம்முடையதே. இதை மறவாதீர்கள்.

பயிற்சி

1. தங்கமீனும் சண்டைமீனும் நீர்மட்டத்திற்கு வருவதன் காரணங்களை வேறுபடுத்திக் காட்டுக.

2. 30 வாட்-மணி தரும் மின்கலம் 2 வாட் பம்பை எத்தனை மணி நேரம் இயக்கும்? மூன்றில் ஒரு பங்கு இழப்பானால் எத்தனை மணி நேரம்?

3. உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருப்பின், அதன் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றை அளந்து, அதில் எத்தனை லிட்டர் நீர் உள்ளதெனக் கணக்கிடுக.