மருமகனின் மனுவைப் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் வீதியின் மேல் முனையில் எழும்புகிற அடுக்குமாடிக் குடியிருப்பைப் பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறாய். கண்ணாடி, சாம்பல் நிறம், தட்டைக் கூரை, கண்டிக்குப் பொருந்தாது என்று ஒரே புலம்பல். கடைசியில், ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பவன் மாதிரி, "மேலே மண் வெட்டிய பிறகு எங்கள் பின்சுவரில் ஈரம் ஊறுகிறது" என்று ஒரு வரி. அடேய், அதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்!

அந்தக் கட்டடத்துக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறாய். போடு. ஆனால் நீ அனுப்பியிருக்கும் இந்த மனுவில் போடாதே.

"கண்டிக்குப் பொருந்தாது" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். நீ மாலையில் நடக்கப் போகிறாயே, அந்த வாவி, அதுவும் ஒரு காலத்தில் புதுக் கட்டுமானந்தான். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை மறித்து அணை கட்டி அதை உண்டாக்கத் தொடங்கினான். கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்துப் பையன். மாளிகையின் எண்கோண மண்டபமும் முகில் மதிலும் அவன் காலத்தவை. கட்டடக்கலைஞர் தேவேந்திர மூலாச்சாரியின் கைவண்ணம். இன்று தபால் முத்திரை முதல் பிஸ்கட் பெட்டி வரை கண்டி என்றால் அந்த மண்டபந்தான். அன்றைக்கோ பிரதானிகள் கொதித்தார்கள். ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் குடியானவர்களை இழுத்து வந்து வேலை வாங்கியதால் ஊரே கசந்தது. எதிர்த்தவர்களைக் கழுவேற்றினான் என்றும் ஒரு கதை உண்டு. 1815இல் பிரித்தானியர் வந்தபோது அவனுக்காகக் கண்டியில் பெரிதாக யாரும் வாளெடுக்கவில்லை. வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான்.

"அப்படியானால் எதைக் கட்டினாலும் ஒருநாள் அழகாகிவிடும், வாயை மூடு என்கிறீர்களா மாமா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. அவசரப்படாதே. அன்றைய மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. போனது அவர்களுடைய உழைப்பு. வாவி அழகாக இருப்பதால் அந்த நியாயம் இல்லாமல் போய்விடாது. கட்டடத்தின் முகம் வேறு, அது மனிதர்களுக்குச் செய்வது வேறு. உன் மனு இரண்டையும் போட்டுக் குழப்புகிறது.

இனி ஒரு வீட்டைச் சொல்கிறேன். மினெட் டி சில்வா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். படாவிட்டால் வெட்கப்படு, கண்டியில் பிறந்தவர். 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். ஊருக்குத் திரும்பி, பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன குடும்பத்துக்கு 1949 முதல் 1951 வரை ஒரு வீடு கட்டினார். இலங்கையில் ஒரு பெண் வடிவமைத்த முதல் கட்டடம் அது. கேட்க வேண்டுமா, ஊர் முழுக்க அதே பேச்சு, அதே சர்ச்சை.

அந்த வீடு என்ன செய்தது தெரியுமா? மலைச்சரிவைச் சமதளமாக வெட்டித் தள்ளாமல், சரிவோடு சேர்ந்து மேலும் கீழுமாகத் தன் தளங்களை அமைத்துக்கொண்டது. உள்ளே தும்பறை நெசவு, ஊர்க் கைவினைஞர் சுட்ட களிமண் ஓடு, சுவரில் கண்டிக்காரரான ஜோர்ஜ் கீற்றின் ஓவியம். பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்த் 'மார்க்' கலை இதழைத் தொடங்கியபோது கூட இருந்தவர்களில் மினெட்டும் ஒருவர். கண்டி மலைகளுக்கு எங்கெங்கெல்லாம் உறவு இருந்திருக்கிறது பார்! புதுமையும் ஊரும் ஒன்றுக்கொன்று பகை என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கண்ணாடிப் பெட்டிக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனந்த குமாரசுவாமி 1905இலேயே கண்டியப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைக் கவனியாமல் விடுவதையும் கண்டபடி திருத்துவதையும் கண்டித்தார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் மனு கேட்கிற பரிகாரம் என்ன? உச்சியில் ஒரு கண்டியன் கூரை வைக்க வேண்டுமாம்! கூரை வைத்துவிட்டால் ஈரம் நின்றுவிடுமா? ஓடு வேய்ந்த கட்டடமும் சரியும், தம்பி.

2020 செப்டம்பர் 20ஆம் திகதி விடியற்காலையை நினைத்துப் பார். கண்டி புவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த தாய், தகப்பன், கைக்குழந்தை மூவரும் போய்விட்டார்கள். சரிந்த கட்டடம் அவர்கள் கட்டியதல்ல, அவர்கள் குடியிருந்ததுமல்ல. பக்கத்தில் இருந்ததுதான் அவர்கள் செய்தது. 2025 நவம்பரில் திட்வா சூறாவளி வந்தபோது இந்த மலைகள் எப்படி இறங்கின என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதையெல்லாம் கண்ட பிறகும் நீ சாம்பல் நிறத்தைப் பற்றி எழுதுகிறாயே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

இனி, நான் உன்னை உண்மையாகவே கோபிக்கிற இடம். மனுவின் மூன்றாவது பந்தி. "யார் யாரோ வெளியாட்கள் வந்து குடியேறுவார்கள்." இதை எழுதியது நீயா, பக்கத்து வீட்டுப் பெரியவரா எனக்குத் தெரியாது. நீ வாசித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாய், அதுவே போதும். வெளியாள் என்ற சொல்லுக்கு மலைநாட்டில் என்ன விலை கொடுத்தோம் என்று உன் பாட்டியைக் கேள். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது அந்த ஒரு எண்ணத்தை வைத்துத்தான். மினெட்டோ 1950களில் வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியர்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பை அமைத்தபோது, வரப்போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று விசாரித்து வரைந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாரும் அங்கே குடிவந்தார்கள். அந்தப் பந்தியை அடித்துவிடு. மாட்டேன் என்று மற்றவர்கள் சொன்னால், நீ தனியாக வேறு மனு எழுது.

"ஆனால் கண்டி உலக மரபுரிமை நகரமாயிற்றே?" என்பாய். ஆம், 1988 முதல். அதற்காக நகரத்தின் ஒவ்வொரு முடுக்கும் ஒரே விதிக்குள் வராது. உங்கள் வீதி எந்த வலயத்துக்குள் வருகிறது, அங்கே எவ்வளவு உயரத்துக்கு அனுமதி உண்டு என்று நகர அபிவிருத்தி அதிகார சபையில் கேள். கேட்காமல் யுனெஸ்கோவின் பெயரைச் சொல்லி மிரட்டினால் கட்டுகிறவர் சிரித்துவிட்டுப் போவார்.

மாநகர சபைக்கும் போ. அங்கீகரித்த வரைபடத்தில் எத்தனை மாடி, எழும்புவது எத்தனை மாடி என்று பார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு பற்றி என்ன அறிக்கை கொடுத்தது, மண் வெட்டிய இடத்தில் தாங்குசுவர் உண்டா, மேலே விழுகிற மழைநீர் எந்தக் கானில் போய்ச் சேரும் என்று எழுத்தில் கேள். தரமாட்டோம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், கூச்சப்படாதே. பின்சுவரைத் திகதியோடு படமெடுத்து வை. வெடிப்பு இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, நீள்கிறதா என்று பார்த்துக்கொள்.

புது மனுவை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். அதுவரைக்கும், பெருமழை பெய்கிற இரவுகளில் அம்மாவும் பாட்டியும் பின்னறையில் படுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
மாமா