முட்டைச் செய்தியும் மூலக் கட்டுரையும்



நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணை இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம்மில் பலர் வீட்டு வரவு செலவே முட்டை விலையை ஒட்டித்தான் நடக்கிறது. சத்துணவிலும் முட்டை உண்டு. ஆகவே, முட்டை தின்றால் இதயத்துக்கு ஆகாது என்று செய்தித்தாள் எழுதினால் அது நமக்கு வெறும் செய்தியன்று. மறுநாளே வீட்டில் முட்டை நின்றுவிடும். பெரும்பாலும் பெண்பிள்ளையின் தட்டில்தான் முதலில் நிற்கும்!

2019 மார்ச்சில் அப்படியொரு செய்தி உலகெங்கும் பரவியது. அதன் மூலம், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை.

ஆய்வுக் கட்டுரை என்பது அறிஞர் அறிஞருக்கு எழுதுவது. அச்சேறுமுன் அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் அதைப் படித்துக் குறை கூறுவர். திருத்தியபின்தான் இதழில் இடம். எழுதியவர் எந்த நிறுவனத்தவர், யாரை ஆராய்ந்தார், எப்படி அளந்தார், எவருடைய முந்தைய ஆய்வுகளைச் சார்ந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். 'துளிர்' போன்ற இதழ்களிலும் நாளேடுகளிலும் வருவன நமக்காக எழுதப்படுபவை. அவற்றைத் தாழ்வாக எண்ணாதீர்கள். அவை இல்லையேல் நம்மில் யாரும் அறிவியலின் வாசலுக்கே போயிருக்க மாட்டோம். ஆனால் வாசலிலேயே நின்றுவிடலாகாது.

இனி அந்த ஜாமா கட்டுரையைத் திறப்போம். ஆராயப்பட்டவர் 29,615 பேர். அனைவரும் அமெரிக்காவில் வாழ்பவர். சராசரியாக 17 ஆண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்டனர். ஆனால் என்ன உண்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்டது தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான். நாளுக்கு அரை முட்டை கூடினால் இதயநோய் வாய்ப்பு 6 விழுக்காடு கூடுகிறது என்பது முடிவு. எதில் 6 விழுக்காடு? முன்பிருந்த வாய்ப்பில். நூறு பேரை எடுத்துக்கொண்டால் கூடுவது ஏறத்தாழ ஒருவர் என்பதையும் அக்கட்டுரையே தருகிறது. மேலும், தொடர்பு காணப்பட்டது என்பதுதான் அதன் கூற்று. முட்டைதான் காரணம் என்று அது நிறுவவில்லை.

அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சில், பிரிட்டனின் 'பி.எம்.ஜே.' இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கரிடம் சில ஆண்டுகளுக்கொரு முறை திரும்பத் திரும்பக் கேட்டு எழுதியது. நாளுக்கு ஒரு முட்டை வரை கேடு தெரியவில்லை என்றது. சீனாவில் சுமார் 5 லட்சம் பேரை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, நாள்தோறும் முட்டை உண்டவரிடம் இதயநோய் மரணம் குறைவு என்றது.

இங்கேதான் நாமக்கல்காரர் விழிப்பாக இருக்க வேண்டும். நமக்கு இனிக்கும் கட்டுரையை உடனே நம்பி, கசப்பதை ஒதுக்கத் தோன்றும். கட்டுரையின் கடைசியில் ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்று அச்சிட்டிருக்கும். இனிக்கும் கட்டுரையிலும் அதைப் பாருங்கள். முட்டை விற்பவர் தந்த பணமா என்று கேட்பது ஊர்த்துரோகம் ஆகாது.

இன்னொரு கேள்வி: ஆராயப்பட்டவருள் நம்மைப் போன்றவர் உண்டா? மேற்சொன்னவை எல்லாமே வயது வந்தோரைப் பற்றியவை. வளரும் பருவத்து மாணவி ஒருத்தியும் அவற்றில் இல்லை. அவற்றைக் காட்டி உங்கள் தட்டிலிருந்து முட்டையை எடுக்க இடமே இல்லை. நீரிழிவு உள்ள தாத்தாவின் கணக்கு வேறாகலாம். அதை மருத்துவரிடம் கேட்பதே முறை.

மூலத்தைத் தேட, கணினியில் 'கூகுள் ஸ்காலர்', மருத்துவத்துக்கு 'பப்மெட்' உள்ளன. முழுக் கட்டுரை கிடைக்காவிட்டாலும் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழையும் பாருங்கள். ஆனால் தோற்றத்தில் மயங்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களும் உண்டு. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது.

விடுமுறைப் பயிற்சி: 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று தொடங்கும் செய்தி ஒன்றை வெட்டி நோட்டில் ஒட்டுக. இதழின் பெயர், ஆண்டு, எத்தனை பேர், எந்த நாட்டவர், எந்த வயதினர், யார் பணம் ஆகியவற்றை மூலத்தில் தேடி அருகே எழுதுக. செய்தியில் இதழின் பெயரே இல்லையெனில் அதையும் சிவப்பு மையில் குறிக்கவும்.