மொட்டை மாடியில் ஒரு வானாய்வகம்

வானியல் கற்க விரும்புவோருக்கு முதலில் சொல்லப்படும் அறிவுரை, ஊர் வெளிச்சத்தை விட்டு விலகி இருண்ட வெட்டவெளிக்குச் செல்லுங்கள் என்பதாகும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களின் பெண்பிள்ளைகளுக்கு இது உதவாது. நள்ளிரவில் வயல்வெளிக்கோ கடற்கரைக்கோ தனியே சென்று தொலைகாட்டியை நிறுத்த எங்களால் முடியாது. எங்களுக்கு வாய்த்தது வீட்டின் மொட்டை மாடி. அதைச் சுற்றிலும் வீதி விளக்குகள், கடைகளின் பெயர்ப்பலகைகள், அடுத்த வீட்டு மின்குமிழ்கள். இங்கிருந்து எதைக் காணலாம், எதைக் காண இயலாது, அதற்குக் காரணம் என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் மூன்றாம் மாடியில் 70 மில்லிமீற்றர் பொருள்வில்லை கொண்ட சிறு தொலைகாட்டியால் நான் பார்த்துப் பழகியவற்றையே உதாரணமாகக் கொள்கிறேன்.

வெளிச்சம் எதை மறைக்கிறது?

விளக்கிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒளி வளியிலும் தூசியிலும் கடலோரத்து ஈரப்பதனிலும் பட்டுச் சிதறுகிறது. அதனால் வானமே மங்கலாக ஒளிர்கிறது. இதனையே ஒளி மாசு என்கிறோம். வானத்தின் இருளை 1 முதல் 9 வரை தரம்பிரிக்கும் அளவுத்திட்டத்தை அமெரிக்கரான ஜோன் போர்ட்டில் 2001ஆம் ஆண்டு வெளியிட்டார். முதலாம் தரம் மிக இருண்ட வானம். ஒன்பதாம் தரம் பெருநகரத்தின் நடுப்பகுதி.

இதில் முதலில் மறைவன பரந்து மங்கலாகத் தெரியும் பொருட்கள். பால்வீதி மறைந்துவிடுகிறது. அந்திரொமீடா விண்மீன் தொகுதியும் அப்படியே. பாரசீக வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி, தொலைகாட்டி தோன்றாத காலத்தில், 964ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் அதை ஒரு சிறு மேகமாகக் குறித்துவைத்தார். அவர் வெறுங்கண்ணால் கண்டதை எங்கள் மாடியில் நின்று வெறுங்கண்ணால் காண முடிவதில்லை.

பிக்ஹு பாடத்தில் சுப்ஹு காதிப், சுப்ஹு ஸாதிக் என்னும் இரு வைகறைகளைப் படிக்கிறோம். முதலாவது, தூண்போல மேலெழும் மெல்லொளி. கோள்களின் தளத்தில் பரவியுள்ள தூசியில் சூரிய ஒளி சிதறுவதால் அது தோன்றுகிறது. இரண்டாவது, அடிவானில் அகலமாகப் பரவும் உண்மை வைகறை. முதலாவதைப் பரீட்சைக்காக மனனமிடும் எங்களில் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஊர் வெளிச்சம் அதை விழுங்கிவிடுகிறது.

ஆயினும் அந்த வானம் எங்கும் போய்விடவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. அடுப்பும் மின்விசிறியும் படிப்பும் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அதே இரவுகளில்தான் ஊருக்கு மேலே பால்வீதியை நான் முதன்முதலாகக் கண்டேன்.

எது மறைவதில்லை?

வானத்தின் மங்கலான ஒளிர்வை ஒரு வெள்ளைத் துணியாகக் கொள்ளுங்கள். அதன் மேல் பாலைத் தெளித்தால் தெரியாது. மையைத் தெளித்தால் தெரியும். நிலவும் கோள்களும் ஊர் வெளிச்சத்தை வெல்லும் பிரகாசம் உடையவை. நட்சத்திரங்களுக்கு வேறொரு அனுகூலம் உண்டு. தொலைகாட்டியில் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது பின்னணி வானத்தின் ஒளி பரந்து மங்குகிறது. நட்சத்திரமோ மிகத் தொலைவில் இருப்பதால் புள்ளியாகவே நிற்கிறது. ஆகவே பின்னணி இருள, நட்சத்திரம் துலங்குகிறது.

இருளுக்குப் பழகிய கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 70 மில்லிமீற்றர் வில்லை அதைப்போல் 10 மடங்கு அகலமானது. எனவே 100 மடங்கு ஒளியைச் சேர்க்கும். அதன் குவியத் தூரம் 700 மில்லிமீற்றர் எனின், 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டுடன் 70 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். இதுவே சனிக்கோளின் வளையத்தைக் காணப் போதுமானது. அவ்வளையம் சுமார் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை எங்களுக்கு விளிம்பைக் காட்டி மெலிந்துவிடும். 2025 மார்ச்சிலும் அவ்வாறு நிகழ்ந்தது. வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களும் தெரியும். கலிலியோ 1610இல் அவற்றைக் கண்டபோது அவரிடம் இருந்த கருவி இதைவிட எளியது.

சுரையா என்ற பெயருடைய தோழியர் எங்கள் ஊரில் பலர். அப்பெயர் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் அரபுப் பெயர். மாடியில் வெறுங்கண்ணுக்கு ஐந்தாறாகத் தெரியும் அக்கூட்டம், குறைந்த உருப்பெருக்கத்தில் பல பத்து நட்சத்திரங்களாக விரியும். சுஹைல் என்பதோ தமிழில் அகத்திய நட்சத்திரம்.

எமது அகலாங்கின் சிறப்பு

கல்முனை ஏறத்தாழ வட அகலாங்கு 7.4 பாகையில் உள்ளது. இதனால் கோள்கள் உச்சத்தை அடையும்போது அடிவானிலிருந்து சுமார் 60 பாகைக்குக் குறையாத உயரத்தில் நிற்கின்றன. இலண்டனில் அதே கோள் சில ஆண்டுகளில் 15 பாகை உயரத்தையே எட்டும். உயரம் கூடக்கூட, ஒளி கடந்துவரும் வளியின் தடிப்புக் குறையும், உருவம் தெளிவாகும். ஊர் வெளிச்சமும் தலைக்கு மேலேதான் குறைவு.

இச்சிறப்பைப் பயன்படுத்திய ஒருவர் எமது கிழக்குக் கரையிலேயே வாழ்ந்தார். 1867இல் கொழும்பில் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த், பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். திருகோணமலையில் பணியாற்றியபோது தம் சொந்தத் தொலைகாட்டியால் வியாழனை ஆராய்ந்தார். அக்கோளின் புள்ளிகள் நடுக்கோட்டைக் கடக்கும் நேரங்களை ஆயிரக்கணக்கில் குறித்தார். 1901இல் அவர் கவனித்த தெற்கு வலயக் குழப்பம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1908இல் திருகோணமலையில் காலமானார். செவ்வாயின் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் காலத்து இருள் எங்களுக்கு இல்லை. ஆனால் அவர் பார்த்த வியாழனுக்கு ஊர் வெளிச்சம் ஒரு தடையே அல்ல.

மாடியில் கவனிக்க வேண்டியவை

1. பகலெல்லாம் காய்ந்த கொங்கிறீட் இரவில் வெப்பத்தை விடும். உருவம் நீரில் ஆடுவதுபோல் ஆடும். இஷாவுக்குப் பின் வெகுநேரம் கழித்துப் பார்ப்பது நல்லது. தொலைகாட்டியையும் அரைமணி நேரம் முன்னரே வெளியில் வையுங்கள்.

2. சன்னல் கண்ணாடி ஊடாகப் பார்க்க வேண்டாம். உருவம் குலையும்.

3. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முக்காலி அதிரும். சுற்றுமதிலின் காற்று மறைவில், கால்களைத் தாழ்த்தி நிறுத்துங்கள்.

4. மாடி விளக்கை அணைத்து, கண்ணுக்கு 20 நிமிடம் கொடுங்கள். கைமின்விளக்குக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள்.

5. சூரியனை ஒருபோதும் தொலைகாட்டியால் பார்க்கக் கூடாது. கண் நொடியில் பாழாகும்.

6. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள் எங்களுடையவை. மாடியில் குழாய் ஒன்று நின்றால் அயலவர் மனத்தில் ஐயம் எழுவது இயல்பு. ஆகவே குழாயைச் சுற்றுமதிலுக்குக் கீழே ஒருபோதும் தாழ்த்தாதீர்கள். முதல் இரவிலேயே அடுத்த வீட்டு உம்மாமாரையும் பிள்ளைகளையும் அழைத்து நிலவைக் காட்டுங்கள். நிலவின் பள்ளங்களைப் பார்த்தவர், அடுத்தமுறை நாம் கேளாமலே தம் வீட்டு வெளி விளக்கை அணைத்துவிடுவார். இது என் அனுபவம்.

செய்து பார்ப்போம்

வெளிச்சத்தைக் குறைப்பதும் எட்டாத காரியம் அன்று. விளக்குக்கு மேல் ஒரு மூடி இருந்தால் ஒளி வானுக்குப் போகாமல் பாதைக்கு வரும். பாதையும் நன்றாகத் தெரியும், மின்சாரமும் மிச்சமாகும். எங்கள் வீட்டு வாசல் விளக்கிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

வியாழன் தெரியும் மாதத்தில் பத்து இரவுகள், ஒரே நேரத்தில், அதன் நான்கு சந்திரன்களின் இடங்களை ஒரு கொப்பியில் புள்ளியிட்டு வரையுங்கள். உட்புறச் சந்திரனான ஐயோ ஏறத்தாழ 42 மணித்தியாலத்தில் ஒரு சுற்று முடிப்பதால், ஒவ்வொரு இரவும் படம் மாறியிருக்கும். பத்தாம் இரவில் அந்தப் புள்ளிகளைக் கொண்டே எந்தச் சந்திரன் எவ்வளவு நாளில் சுற்றுகிறது என்று கணிக்க முயலுங்கள். அந்தக் கொப்பியைக் கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்ப்போம்.