ஒழுகும் கூரை, பதினொரு மாதப் பத்திரம்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கணவருக்குப் புனேயில், ஹிஞ்சவடியில் வேலை. மார்ச் மாதம் வாக்கட் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்துக்குக் குடிவந்தோம். சுவரெல்லாம் அப்போது புது பெயின்ட்டில் பளபளத்தது. ஜூனில் மழை பிடித்ததும் படுக்கையறை மூலை ஒழுக ஆரம்பித்தது. இப்போது சுவர் முழுக்க ஓதம், கறுப்புப் பூஞ்சை. நாலு வயது மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. போன வாரம் அந்தச் சுவரிலிருக்கும் ஸ்விட்சைத் தொட்டேன், ஷாக் அடித்தது. வீட்டுக்காரர் நாக்பூரில் இருக்கிறார். "பார்த்துத்தானே குடிவந்தீர்கள், மழைக்காலத்தில் எல்லா வீடும் அப்படித்தான்" என்கிறார். புரோக்கர் போனையே எடுப்பதில்லை. வாடகை 24,000 ரூபாய், டெபாசிட் 75,000. ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் டெபாசிட் திரும்பாது என்று பத்திரத்தில் இருக்கிறது. பத்திரம் கைரேகை வைத்து ஆன்லைனில் பதிவானது. மகாராஷ்டிரச் சட்டப்படி நாமே ரிப்பேர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் கணவரின் நண்பர். கழிக்கலாமா? காலி செய்தால் பணம் வருமா?
— வாசகி, வாக்கட்

பதில்: சட்டம் அப்புறம். முதலில் அந்த அறைக்குப் போகும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிடுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து ஒயரிங்கையும் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மீட்டர் பக்கம் இல்லையென்றால் உடனே போடச் சொல்லுங்கள், சொந்தக் காசு போனாலும் பரவாயில்லை. அவர் கண்டதை ஒரு தாளில் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அந்தத் தாள் பின்னால் உங்களுக்கு வேண்டியிருக்கும். கூடவே இன்னொன்று: புனே வீடுகளில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருப்பது சகஜம். சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு அதை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உங்கள் வீட்டில் அது இருந்தால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

இனி நண்பர் சொன்ன விஷயம். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பழுதுபார்த்து வைப்பது வீட்டுக்காரரின் கடமை என்கிறது. அவர் செய்யாவிட்டால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் குடியிருப்பவரே செய்து, செலவை வாடகையில் கழிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் அது 'வாடகைதாரருக்கு' உள்ள உரிமை. உங்கள் பத்திரத்தின் தலைப்பைப் பாருங்கள். 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று இருக்கும். சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாடகைதாரர் அல்ல, வீட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர். 'இதனால் வாடகைதாரர் உரிமை எதுவும் உண்டாகாது' என்று உள்ளேயும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். நாம் பேச்சில் வாடகை என்கிறோம், பத்திரம் அதை லைசென்ஸ் கட்டணம் என்கிறது.

இது ஏதோ உங்கள் புரோக்கரின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம், அரை நூற்றாண்டுக்கும் மேலான கதை. 1947-இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இருந்த அளவோடு கட்டிப்போட்டது. குடிவைத்தால் கிளப்ப முடியாது என்று பயந்த வீட்டுக்காரர்கள் 'வாடகை' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'லைசென்ஸ்' என்று எழுத ஆரம்பித்தார்கள். அதையும் சட்டம் விடவில்லை. 1973 பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் குடியிருந்தவர்களையெல்லாம் ஒரு திருத்தத்தின் மூலம் வாடகைதாரர்களாக்கியது. அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. நீங்கள் இந்த ஆண்டு வந்தவர். ஓராண்டுக்குக் குறைவென்றால் பதிவு செய்ய வேண்டாம் என்ற பழைய கணக்கில் பிறந்தது பதினொரு மாதம். 1999 சட்டத்தின் 55-வது பிரிவு பதினொரு மாதப் பத்திரத்தையும் பதிவு செய்தே தீரவேண்டும் என்று சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. (வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி முத்திரையோடு நின்றுவிட்ட வாசகர்களுக்கு: பதிவு செய்ய வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. செய்யாவிட்டால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, நிபந்தனைகள் பற்றி நீங்கள் சொல்வதே செல்லும்.)

சரி, லைசென்ஸ் என்றால் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, பல வழக்கறிஞர்களும் மறந்துபோன ஒரு பழைய சட்டத்தில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம்தான் லைசென்ஸ் என்பதற்கே இலக்கணம் சொல்வது. அதன் 57-வது பிரிவு: இடத்தில் ஆளுக்கோ பொருளுக்கோ ஆபத்தான குறை இருந்து, அது கொடுப்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், அதைச் சொல்லியே ஆகவேண்டும். 'பார்த்துத்தானே வந்தீர்கள்' என்பதற்கு இதுதான் பதில். மார்ச் மாத வெயிலில் ஒழுகலை எப்படிப் பார்ப்பது?

ஆகவே உங்கள் வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: அவருக்கு முன்பே தெரியுமா? அதைத் தேடுங்கள். அந்த ஒரு மூலையில் மட்டும் பட்டி பார்த்துப் புதுசாகப் பூசியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனோடு ஒரு பெயின்டரையும் கூட்டிவந்து காட்டுங்கள். எதிர் ஃபிளாட்டில் போன மழைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்களுக்கு முன் குடியிருந்தவர் யார், ஏன் போனார் என்று வாட்ச்மேனுக்குத் தெரியாமல் இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி குடியிருப்புச் சங்கமான சொசைட்டியின் அலுவலக ஃபைல். மேல்தள ஃபிளாட்காரர் போன வருடங்களில் 'மொட்டை மாடி ஒழுகுகிறது' என்று எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் அங்கே இருந்தால், மீதி வாதத்துக்கு அவசியமே இல்லை.

சொசைட்டி என்றதும் இன்னொரு விஷயம். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள்படி, மழைநீர்க் கசிவையும் மொட்டை மாடியையும் சரிசெய்வது சங்கத்தின் செலவு. மாடி ஒழுகிக் கெட்டுப்போன மேல்தள வீட்டின் உட்கூரையும் காரையும்கூட அதில் சேரும். குளியலறை, சிங்க் ஆகியவற்றின் உள்கசிவுதான் ஃபிளாட்காரர் தலையில் விழும். அதாவது உங்கள் வீட்டுக்காரர் காசு போட வேண்டிய வேலையே இது இல்லாமல் போகலாம், ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் அதை அவர்தான் எழுத வேண்டும். நீங்கள் போய் நின்றால் 'மெம்பர் சொல்லட்டும்' என்று செக்ரெட்டரி திருப்பி அனுப்பிவிடுவார். இதை நாக்பூர்க்காரருக்குப் புரியவைத்தாலே பாதிச் சண்டை தீரும் என்பது என் அனுபவம். செலவு தன்னுடையது அல்ல என்று தெரிந்ததும் பல வீட்டுக்காரர்கள் நியாயவான்கள் ஆகிவிடுகிறார்கள்.

நிரந்தரமான வாட்டர்ப்ரூஃபிங் வேலையைக் கொட்டும் மழையில் செய்ய முடியாது, அக்டோபர் வெயில் வேண்டும். எனவே இப்போது கேட்க வேண்டியவை வேறு: ஒயரிங்கை உடனே மாற்றுவது, மாடியில் தற்காலிக மூடல், அந்த அறை பயன்படாத மாதங்களுக்கு வாடகைக் குறைப்பு. குறைப்பை அவர் ஒப்புக்கொண்டால் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். போனில் பேசியதை அன்றைக்கே 'இன்று நாம் பேசியபடி' என்று தொடங்கி எழுதி அனுப்பிவிடுங்கள்.

நீங்களாகவே வாடகையில் எதையும் கழிக்காதீர்கள். நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கழித்த அன்றைக்கு ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள், ஒழுகலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். 'என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைச் செலுத்துகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு முழு வாடகையை வங்கி வழியாகக் கட்டுங்கள். ஊரில் இருந்திருந்தால் நிலைமை வேறு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அட்டவணையே இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணமும் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டமும் பழுதுபார்ப்பு விஷயத்தில் ஏறக்குறைய அதையே சொல்கிறது. மகாராஷ்டிரம் தன் 1999 சட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. புனே மாதிரி வெளியூர்க்காரர்களால் நிரம்பிய ஒரு நகரத்தில், லைசென்ஸில் குடியிருப்பவருக்குப் பழுதுபார்ப்பு உரிமை என்று ஒரு பிரிவுகூட இல்லாமல் இருப்பது எனக்கு வெட்கக்கேடாகவே படுகிறது.

காலி செய்யலாமா? குழந்தைக்கு இளைக்கிறது என்றால் செய்யுங்கள் என்றே சொல்வேன். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு கடிதம் எழுதாதீர்கள், கடிதம் முந்த வேண்டும். ஒழுகல் தொடங்கிய நாள், ஷாக் அடித்த நாள், எலக்ட்ரீஷியன் எழுதியது, மருத்துவர் சீட்டு, படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் 57-வது பிரிவை மீறியதாகக் கருதிக் காலி செய்வேன், டெபாசிட்டைத் திருப்ப வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 'ஆறு மாதத்துக்குள் போனால் டெபாசிட் கிடையாது' என்ற வரி வேதவாக்கு அல்ல. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பத்திரத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான ஈடுதான் கிடைக்கும். நீங்கள் போன அடுத்த மாதமே வேறு ஆள் குடிவந்துவிட்டால் 75,000 ரூபாய் நஷ்டம் என்று அவர் எப்படிச் சொல்வார்?

டெபாசிட் தந்தால்தான் சாவி என்று, பத்திரக் காலம் முடிந்த பிறகும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். 1999 சட்டத்தின் 24-வது பிரிவு அப்படிப்பட்டவரிடம் இரட்டிப்புக் கட்டணம் வசூலிக்க இடம் கொடுக்கிறது. காலி செய்யும் நாளில் வீட்டை வீடியோ எடுத்து, சாவி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கி, பணத்துக்குத் தனியாக வழக்குப் போடுங்கள். மூன்று வருடம் அவகாசம் உண்டு. சிவாஜிநகர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், மனு உங்கள் பெயரில் போகட்டும்.

கேள்வி: என் தாத்தா ராணுவக் கணக்கு அலுவலக வேலைக்காகப் புனே வந்தவர். மூன்று தலைமுறையாக ராஸ்தா பேட்டில் ஒரு வாடாவில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். மாத வாடகை 60 ரூபாய். உத்தரம் இற்றுவிட்டது, படிக்கட்டு ஆடுகிறது. வீட்டுக்காரர் ஒரு ஆணிகூட அடிக்க மறுக்கிறார். இடிந்து விழட்டும், பில்டருக்குக் கொடுக்கலாம் என்று காத்திருக்கிறார் போல. மாநகராட்சி 'அபாயகரமான கட்டடம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வெளியேறினால் உரிமை போய்விடுமா?
— ஓய்வுபெற்ற வாசகர், புனே

பதில்: வெளியூர் வாசகர்களுக்காக: வாடா என்றால் யாரையும் மரியாதையில்லாமல் கூப்பிடுவது அல்ல. நடுவில் முற்றம் வைத்து மரச்சட்டத்தில் எழுப்பிய மராட்டியப் பழைய வீடு. புனேயின் பழைய பேட்டைகளில் மிச்சமிருக்கும் இவற்றில் பலவற்றுக்கு மழைக்கு முன் நோட்டீஸ் ஒட்டுவது மாநகராட்சியின் வருடாந்தரச் சடங்கு.

மேலே எழுதிய சகோதரிக்கு இல்லாத 14-வது பிரிவு உங்களுக்கு இருக்கிறது. குறைந்தது பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நியாயமான காலம் பொறுத்து, நீங்களும் மற்ற குடித்தனக்காரர்களும் சேர்ந்தே பழுதுபார்க்கலாம். நீங்கள் வைத்திருக்கும் கணக்கும் ரசீதுகளும் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும். ஆனால் வருடத்துக்குக் கழிக்கக்கூடியது அந்த வருட வாடகையில் நாலில் ஒரு பங்குதான். உங்கள் வாடகைக்கு அது 180 ரூபாய், ஒரு மூட்டை சிமென்ட்கூட வராது. உத்தரம் மாற்றிய செலவை உங்கள் பேரன் காலம்வரை கழித்துக்கொண்டிருக்கலாம். குறைந்த வாடகை கொடுத்த பாதுகாப்பு இங்கே உங்களுக்கு எதிராகவே திரும்பி நிற்கிறது. தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் துண்டித்தால் மட்டும் யோசிக்காமல் 29-வது பிரிவில் நீதிமன்றம் போங்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். 1949 மாநகராட்சிச் சட்டத்தின் 264-வது பிரிவு, அபாயகரமான கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ இடிக்கவோ உத்தரவிட ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. உடனே காலி செய்யச் சொன்னால் இறங்கிவிடுங்கள். உரிமை போய்விடும் என்ற பயத்தில் பலர் ஆடும் படிக்கட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. சாங்லி மிரஜ் குப்வாட் மாநகராட்சி இடித்த கட்டடம் ஒன்றைப் பற்றிய ஷாஹா ரத்தன்சி கிம்ஜி வழக்கில், கட்டடம் போனாலும் நிலம் இருக்கிறது, எனவே வாடகை உரிமை அழியாது என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் அந்த உரிமையை நிரூபிக்கத் தாள் வேண்டும். வாடகை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, திரும்பி வரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் இரண்டு அறைகளின் அளவைப் பதிவு செய்து தரும்படி மாநகராட்சிக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். பொறியாளர் டேப்போடு வரும் நாளில் வேறு எந்த வேலை இருந்தாலும் நேரில் நில்லுங்கள்.