தவிட்டில் தங்கியுள்ள சத்து

தானியத்தின் நிறம் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. கருப்புக் கவுனியின் கருமைக்கு ஆந்தோசயனினும், மாப்பிள்ளைச் சம்பாவின் செம்மைக்குத் துவர்ப்புப் பொருள்களும் காரணமாகும். கேழ்வரகில் வெள்ளை வகையைவிடப் பழுப்பு வகையிலேயே பாலிபீனால்கள் மிகுதி. ஆக்சிகரணத்தைத் தடுக்கும் இயல்பு இவற்றிற்கு உண்டு. இவை பெரும்பாலும் மேல்தோலிலும் தவிட்டிலுமே தங்கியிருப்பதால், அரிசியை வெளுக்கத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும்.

ஆயினும், கேழ்வரகின் துவர்ப்புப் பொருள்கள் இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். இரத்தசோகையுள்ள தாய்மார்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். இதற்காகக் கேழ்வரகைக் கைவிட வேண்டுவதில்லை. இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் இத்தடை குறையும். கூழுடன் நெல்லிக்காய் உண்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேரத் துணைபுரியும். உணவோடு தேநீர் அருந்துவதைத் தவிர்ப்போமாக. மகளிர் குழுக் கூட்டங்களில் முளைகட்டும் முறையைச் செய்து காட்டுவோமாக.